தாத்தா செய்யும் பொம்மைப் பெட்டி: சூட்சுமம் மூடியில் இருக்கு!

ரிட்டையர் ஆன அப்பாக்களுக்குத் திடீர்னு ஒருநாள் மரவேலை ஆசை வரும். அதுவும் வீட்டில் பேரனோ பேத்தியோ தவழ ஆரம்பிச்சுட்டா கேட்கவே வேண்டாம். "பிளாஸ்டிக் டப்பாவுல ஏன் பொம்மையைப் போட்டு வைக்கிறீங்க? நானே தேக்குல ஒரு பெட்டி பண்ணித் தர்றேன்" என்று பரணில் கிடக்கும் ரம்பத்தையும் உளியையும் இறக்கிவிடுவார். நல்ல விஷயம்தான். கடையில் வாங்கும் எந்தப் பரிசும் இதுக்கு ஈடாகாது.

ஆனால், அவர் மனசுக்குள் இருக்கும் பெட்டி எப்படிப்பட்டதுன்னு ஒருமுறை கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் அது அவருடைய பாட்டி வீட்டில் இருந்த பெட்டியாக இருக்கும். கனமான பலகை, இரண்டு கை போட்டுத் தூக்கும் மூடி, பித்தளைக் கொண்டி, பூட்டு. பட்டுப்புடவையும் பத்திரமும் வைக்கச் செய்த பெட்டி அது. எலி நுழையக் கூடாது, பூச்சி அரிக்கக் கூடாது, திருடன் திறக்கக் கூடாது என்பதற்காக இறுக்கமாகச் செய்தது.

பொம்மைப் பெட்டிக்கு இது எல்லாமே தலைகீழ். அதைத் திறக்கப்போவது ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தை. உள்ளே எட்டிப் பார்க்கும், ஏறும், ஒளிஞ்சு விளையாடும். அதனால், மரம், பாலிஷ், டிசைன் எல்லாத்துக்கும் முன்னாடி பேசவேண்டியது மூடியைப் பற்றித்தான்.

மூடியில் அப்படி என்ன ஆபத்து?

சின்னக் குழந்தைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிசு. பிறந்த குழந்தையின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு அது எட்டில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதனால்தான் தவழும், நடை பழகும் குழந்தைகள் எங்கே குனிந்தாலும் தலைப் பக்கம் சாய்கிறார்கள்.

இப்போ பெட்டிக்கு வருவோம். குழந்தை ஒரு கையால் மூடியைத் தூக்கிவிட்டு, இன்னொரு கையால் அடியில் கிடக்கும் காரைத் தேடும். கார் கையில் பட்டதும் மூடியைப் பிடித்த கை தானாக விட்டுவிடும். மூடி விழுவது தலையிலோ பிடரியிலோ. கழுத்து, பெட்டியின் விளிம்புக்கும் மூடிக்கும் நடுவில் மாட்டினால் குழந்தையால் மூடியைத் தூக்கவும் முடியாது, கத்தவும் முடியாது. இரண்டரை அடி நீளம், 18 மி.மீ. கனத்தில் ரப்பர் மரப்பலகை மூடி போட்டால் அது மட்டுமே மூன்றரை கிலோவுக்கு வரும். நமக்கு அது ஒரு கை எடை. குழந்தையின் கழுத்துக்கு அப்படி இல்லை.

இரண்டாவது ஆபத்து, காற்று. கண்ணாமூச்சி விளையாடும் குழந்தைக்குப் பெட்டியைவிட நல்ல இடம் கிடைக்குமா? அமெரிக்காவில் 1996-ல் ஒரு பழைய கம்பெனி தயாரித்த சிடார் மரப்பெட்டிகள் ஒரு கோடியே 20 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. 1912 முதல் 1987 வரை செய்யப்பட்டவை அவை. மூடினால் கொண்டி தானாக விழுந்துவிடும், உள்ளிருந்து திறக்க வழியில்லை. உள்ளே ஒளிந்த குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்த பிறகுதான் இந்த நடவடிக்கை. பெட்டியின் வேலைப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு கச்சிதமாக மூடியதுதான் பிரச்னையே!

நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால், மாடியில் உட்கார்ந்து தாத்தா செய்யும் பெட்டியைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அந்த இன்ஸ்பெக்டர் வேலை உங்களுடையது.

மூன்று வழி இருக்கு

1. மூடியே வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு இதுதான் முதல் சாய்ஸ். திறந்த பெட்டி. என்ன பொம்மை இருக்குன்னு குழந்தைக்கே தெரியும், எடுக்கும், திருப்பிப் போடும். தூசி விழுமேன்னு கவலைப்பட்டால் பாட்டியின் பழைய காட்டன் புடவையை இரண்டாக மடித்து மேலே போட்டால் போதும்.

2. கீல் இல்லாத மூடி. 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பலகை. அடியில் இரண்டு சின்னச் சட்டம் அடித்தால் நகராமல் உட்காரும். எடை ஒரு கிலோ சொச்சம்தான். கீல் இல்லாததால் எந்தப் பக்கம் தள்ளினாலும் விலகும்.

3. கீல் வைத்த மூடி. அப்பா இதில்தான் பிடிவாதமாக இருப்பார். சரி, செய்யட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: எந்த இடத்தில் கையை விட்டாலும் மூடி அப்படியே நிற்கணும். இதற்கென்றே 'லிட் சப்போர்ட்' என்று ஒரு பொருள் ஆன்லைனிலும் ஃபர்னிச்சர் ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். வாங்கும்போது உங்க மூடியின் எடையையும் அகலத்தையும் சொல்லிக் கேளுங்க. அதற்குப் பொருந்தாத சப்போர்ட் போட்டால் போடாததற்குச் சமம். வெறும் சங்கிலியோ, ஒரு பக்கக் கம்பியோ போதாது. அவை மூடி பின்னால் சாயாமல் பிடிக்குமே தவிர, முன்னால் விழுவதைத் தடுக்காது. கட்டிலுக்குப் போடும் ஹைட்ராலிக்கும் வேண்டாம். அது மெத்தையோடு சேர்த்துத் தூக்கச் செய்தது. சின்ன மூடியை வேகமாக மேலே எறிந்துவிடும்.

அமெரிக்கப் பொம்மைப் பாதுகாப்புத் தரம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூடப் போகும் கடைசி 2 இன்ச்சைத் தவிர, பாதையில் எங்கே விட்டாலும் மூடி தன் எடையால் அரை இன்ச்சுக்கு மேல் இறங்கக் கூடாது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கால்வாசி, பாதி, முக்கால்வாசி எனத் திறந்து கையை எடுங்க, ஸ்கேல் வைத்துப் பாருங்க. ஒரு இடத்தில் விழுந்தாலும் அந்தப் பெட்டி இன்னும் முடியலைன்னு அர்த்தம்.

கொண்டி, தாழ்ப்பாள், பூட்டு, காந்தம் இவை எந்த வடிவத்திலும் வேண்டாம். அழகுக்காக வைக்கும் பித்தளைக் கொண்டிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

காற்றும் விரலும்

மூடி உண்டென்றால் காற்றுவழியும் கட்டாயம். பொம்மைகளுக்கான சர்வதேசத் தரங்களின்படி, உள்கொள்ளளவு 30 லிட்டரைத் தாண்டினால் குறைந்தது இரண்டு திறப்பு வேண்டும். ஒவ்வொன்றும் 650 சதுர மி.மீ. அளவாவது இருக்கணும். இரண்டுக்கும் நடுவே 150 மி.மீ. இடைவெளி. நாம் செய்யப்போகும் பெட்டி 65 லிட்டருக்கு மேல் பிடிக்கும், அதாவது மூன்று தண்ணீர் கேன் அளவு. குழந்தை தாராளமாக உள்ளே போய்விடும்.

ஒண்ணேகால் இன்ச் ஓட்டை போட்டால் இந்த அளவு வந்துவிடும். பின்பலகையில் மட்டும் போடாதீங்க, சுவரை ஒட்டி வைத்ததும் அடைந்துவிடும். இரண்டு பக்கப் பலகைகளிலும் மேலே இரண்டு இரண்டாகப் போடுங்க. கூடவே முன்பலகையின் மேல் விளிம்பில் 8 இன்ச் நீளம், 1 இன்ச் ஆழத்துக்கு ஒரு வளைவு வெட்டுங்க. மூடி சாத்தியிருந்தாலும் அந்த வாய் திறந்தே இருக்கும். மூடியைத் தூக்கக் கைப்பிடி மாதிரியும் ஆச்சு, அந்த இடத்தில் விரலும் நசுங்காது.

விரலுக்கு இன்னொரு விதி. கீல் பக்க இடுக்கு 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்கணும், அல்லது 12 மி.மீ.க்கு அதிகமாக இருக்கணும். இதற்கு நடுவில் இருந்தால்தான் குழந்தையின் விரல் உள்ளே போய் மாட்டும். மூடி திறக்கும்போதும் மூடும்போதும் இந்த இடுக்கு மாறும் என்பதால், எல்லா நிலையிலும் அளந்து பாருங்க. முன்பக்க மூலைகளில் ரப்பர் புஷ் ஒட்டினால் மூடி பலகையில் நேராகப் போய் அடிக்காது.

எந்த மரம் வாங்கலாம்?

தேக்கு நல்ல மரம்தான், விலையும் நல்ல விலை. முதன்முதலாக ரம்பம் பிடிப்பவர் தேக்கில் பழக வேண்டாமே! ரப்பர் மரப்பலகை இதுக்கு வசதி. கேரளத்திலும் நம் கன்னியாகுமரியிலும் பால் வடித்து ஓய்ந்த, 25, 30 வயசான ரப்பர் மரங்களிலிருந்து வருவது. சின்னத் துண்டுகளை இணைத்து, 8 அடிக்கு 4 அடி பலகையாகவே விற்கிறார்கள். இழைக்கும் வேலை மிச்சம், சிராய்ப்பும் குறைவு. பூச்சி அரிக்காமல் பதப்படுத்தியதா என்று மட்டும் கேட்டு வாங்குங்க. பதப்படுத்தாத ரப்பர் மரமும் மாமரமும் சீக்கிரம் உளுத்துப்போகும்.

"இடிச்ச வீட்டுக் கதவு ஒண்ணு சும்மா கிடக்கே" என்பார் அப்பா. அது வார்னிஷ்கூடப் போடாத மரமாக இருந்தால் ஓகே. பழைய பெயின்ட் அடித்தது என்றால் வேண்டவே வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.முக்குள் கட்டுப்படுத்தும் விதி இங்கே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் தேய்க்கும்போது கிளம்பும் தூசு தரையில் படியும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். சும்மா கிடைத்த கதவுக்காக இந்த ரிஸ்க் தேவையா?

பேக்கிங் பெட்டி, பேலட் மரம் கிடைத்தால் அதன் முத்திரையைப் பாருங்க. 'எச்.டி.' என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது, அதை ஒதுக்கிடுங்க. எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம்.

அளவு: சின்னதே அழகு

"பெருசாவே பண்ணிடுவோம், நாளைக்கும் உதவும்" என்ற யோசனை எல்லா வீட்டிலும் வரும். ஆழமான பெட்டியில் பொம்மை தேடும் குழந்தை தலைகுப்புற விழும். அதோடு, அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 36 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2018-ல் வெளியிட்டார்கள். 16 பொம்மைகள் இருந்தபோது பார்த்ததைவிட, 4 பொம்மைகள் மட்டும் கொடுத்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். அதனால் பெட்டி சின்னதாக இருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டரை அடி நீளம், ஒண்ணேகால் அடி அகலம், ஒரு அடி உயரம். இது போதும். வெட்டவேண்டிய துண்டுகள் (18 மி.மீ. கனம், தச்சர் கணக்கில் கிட்டத்தட்ட 6 நூல்):

• முன், பின் பலகை: 30 x 12 இன்ச், இரண்டு
• பக்கப் பலகை: 13½ x 12 இன்ச், இரண்டு
• கீல் வைத்த மூடி என்றால்: 31 x 16 இன்ச், ஒன்று
• அடிப்பலகை: 28½ x 13½ இன்ச், 12 மி.மீ. பிளைவுட்
• அடிப்பலகையைத் தாங்க முக்கால் இன்ச் ரீப்பர்: சுமார் 7 அடி

முதல் மூன்றும் 4 அடிக்கு 4 அடி பலகைக்குள், மரரேகை ஒரே பக்கமாக ஓடும்படி அடங்கிவிடும். வாங்கும் கடையிலேயே மெஷினில் வெட்டித் தரச் சொல்லுங்க. கோணம் சரியாக வரும், அப்பாவின் விரலும் தப்பிக்கும். பலகையின் உண்மையான கனம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும் என்பதால் வெட்டும் முன் அளந்து, பக்கப் பலகை, அடிப்பலகை அளவுகளைச் சரிசெய்துக்கோங்க.

இரண்டு வார இறுதி போதும்

முதல் சனி: ஓட்டைகளையும் வளைவையும் முதலில் முடிச்சிடுங்க. பெட்டி சேர்ந்தபிறகு அதைச் செய்வது சிரமம். முன், பின் பலகைகளுக்கு நடுவில் பக்கப் பலகைகள் வரும். சேரும் இடத்தில் மரப்பசை தடவி, 40 மி.மீ. ஸ்க்ரூ, ஒரு மூட்டுக்கு மூன்று. ஸ்க்ரூ போடும் முன் அதைவிட மெல்லிய பிட்டால் வழி போடாவிட்டால் பலகை ஓரத்தில் வெடிக்கும். ஆணி மட்டும் அடித்துச் செய்யாதீங்க. ஏறி இறங்கும்போது ஆட்டம் கண்டு, ஆணி வெளியே வரும்.

பசை காயும் முன் ஒரு நூலை எடுத்து மூலைக்கு மூலை அளந்து பாருங்க. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் பெட்டி கோணலில்லை. வித்தியாசம் இருந்தால், நீளமான மூலைகளைப் பிடித்து அழுத்தினால் சரியாகும். ஒருநாள் முழுக்கக் காயட்டும்.

ஞாயிறு: உள்ளே அடியில் சுற்றிலும் ரீப்பர் அடித்து, அதன்மேல் அடிப்பலகையை உட்கார வைத்து ஸ்க்ரூ போடுங்க. குழந்தை உள்ளே ஏறி நின்றாலும் தாங்கும். வெளியே தெரியும் ஸ்க்ரூ தலைகளை மரத்துக்குள் அமுக்கி, மேலே மரக்குச்சித் துண்டால் அடைத்துத் தேய்த்துவிடலாம்.

அடுத்த சனி: தேய்ப்பு. இதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை, குழந்தையின் கை படப்போவதும் இதில்தான். உப்புத்தாளில் 80, 120, 220 என்று வரிசையாக, மரரேகை போகும் திசையிலேயே தேய்க்கணும். நான்கு மூலைகளிலும் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு, அந்த வளைவுக்கு உருட்டிடுங்க. முடிந்ததும் பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிப் பெட்டி முழுக்கத் தடவிப் பாருங்க. எங்கே நூல் மாட்டுதோ அங்கே சிராய் இருக்கு. முகத்தில் மாஸ்க் கட்டாயம், குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாது.

பாலிஷில் கவனம்

பல் முளைக்கும் குழந்தை பெட்டியின் விளிம்பைக் கடிக்கும். அதை மனசில் வைத்தே பூச்சைத் தேர்ந்தெடுக்கணும். கர்நாடகாவின் சன்னபட்டணா பொம்மைகளின் பளபளப்பு அரக்கிலிருந்து வருவது. அதே அரக்கு, செதிலாகக் கிடைக்கும். ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாக மூன்று கோட்டிங் அடிக்கலாம். குழந்தைகள் பொருளுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருக்கும், தண்ணீரில் கரையும் கிளியர் கோட்டும் ஓகே. எது அடித்தாலும் வாசனை முழுசாகப் போன பிறகுதான் பெட்டி குழந்தை ரூமுக்குப் போகணும். இரண்டு, மூன்று வாரம் ஆனாலும் பரவாயில்லை.

"தேங்காய் எண்ணெய் தடவினா போதாதா?" என்று யாராவது கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயாது. பிசுபிசுப்பும் சிக்கு வாசனையும்தான் மிச்சம். லின்சீட் ஆயில் காயும். ஆனால், அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடணும்.

உங்க வேலை என்ன?

பெட்டி செய்வது அப்பா. ஆனால் இந்த விஷயங்களை அவரிடம் எப்படிச் சொல்றீங்க என்பதில்தான் பாதி வேலை இருக்கு. "உங்களுக்குத் தெரியாது, நெட்ல போட்டிருக்கான்" என்று ஆரம்பித்தால் உளி மறுபடியும் பரணுக்குப் போயிடும். பலகை வாங்கும் முன்னாடியே உட்கார்ந்து, "அப்பா, இவன் மூடியைத் தூக்கிட்டுக் கையை விட்டா என்ன ஆகும்? அதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டுப் பாருங்க. குறை சொன்னால் அவர் வாதாடுவார். பேரனின் கழுத்து எதிரில் இருந்தால், அவரே நான்கு வழி யோசிப்பார். பெட்டி முடிந்தபிறகு சொன்னால், ரசித்து மாட்டிய பித்தளைக் கொண்டியைக் கழற்றச் சொல்லும் நிலைமை வரும். அது அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

குழந்தையிடம் கொடுக்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை:

• மூடி மூன்று நிலையிலும் அப்படியே நிற்குதா?
• ஒரு கேரட்டைக் கீல் பக்கமும் முன்விளிம்பிலும் வைத்து மூடுங்க. நசுங்கினால் விரலும் நசுங்கும்.
• சுவரோடு ஒட்டி வைத்தும் காற்றுவழி திறந்திருக்கா?
• விளிம்பில் கையை ஊன்றி அழுத்தினால் பெட்டி கவிழுதா?
• கழன்று வாயில் போகும் அளவுக்கு ஏதாவது ஸ்க்ரூ, புஷ், அலங்காரத் துண்டு இருக்கா?

இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்க. கீல் தளரும், சப்போர்ட்டின் பிடி குறையும். அண்ணன் வீட்டிலிருந்தோ, தெரிந்தவர்களிடமிருந்தோ பழைய பெட்டி வந்தாலும் இதையெல்லாம் பார்த்த பிறகே பொம்மை உள்ளே போகணும். மூடி சந்தேகமாக இருந்தால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்துவிடுங்க. பெட்டியின் அழகு ஒன்றும் குறையாது.

கடைசியாக ஒன்று. அடிப்பலகையின் கீழ்ப்பக்கத்தில், பாலிஷ் அடிக்கும் முன் அப்பாவின் கையெழுத்தில் பேரன் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்க. பொம்மை வயசு முடிந்தபிறகு அதில் புத்தகம் வரும், அப்புறம் கிரிக்கெட் பேட், அப்புறம் செருப்பு! என்றைக்காவது வீடு மாறும்போது பெட்டியைக் கவிழ்த்துத் தூக்கும் அந்தப் பையன், அந்த எழுத்தைப் படிப்பான்.